போணிப் பந்து

“எனக்கு என்னதான்டி ஆச்சு? அதை மட்டும் சொல்லு, நான் போயிருதேன்.”

பேக்கரியின் பின்வாசலில் வந்து நின்றதும் வடிவு கேட்டது இதைத்தான். நல்லா இருக்கியா இல்லை, சாப்பிட்டியா இல்லை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கடுப்பு வேறு.

டெய்சி நிமிர்ந்து பார்த்தாள். கைவேலையை நிறுத்தவில்லை. தண்ணீர் வாளிக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தாள். அடியில் போய்ப் படுத்தால் நல்ல முட்டை. மிதந்தால் கெட்டது. தூத்துக்குடி மக்ரூன் இனிப்புக்கு வெள்ளைக்கருதான் உயிர். ஒரு கெட்ட முட்டை உள்ளே போனாலும் மொத்தச் சட்டியும் பாழ்.

“வாங்கக்கா. மக்ரூன் திங்கியளா?”

“திங்க வரல.”

“பின்னே?”

“அதான் கேட்டேன்லா. எனக்கு என்ன ஆச்சு?”

ஒரு முட்டை மிதந்தது. டெய்சி அதை எடுத்து ஓரத்துக் கூடையில் போட்டாள்.

“நல்லாத்தானே இருக்கிய,” என்றாள்.

வடிவுக்கு அந்த வாளியைத் தூக்கி அவள் தலையிலேயே கவிழ்த்துவிடலாமா என்று வந்தது.

சாதாரணமாக இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்குத் தாடி இருக்கும். மலை உச்சியில் உட்கார்ந்திருப்பார். சீடன் பவ்யமாகக் கைகட்டி நிற்பான். இங்கே குருவுக்கு வயது இருபத்தாறு, தலையில் முடி விழாமல் ஒரு வலைத்தொப்பி, கையெல்லாம் முட்டைக் கவுச்சி. கேட்க வந்தவளுக்கு முப்பத்தொன்று. பவ்யம் என்பது அவள் பிறந்த வீட்டுப் பக்கமே கிடையாது.

இதைவிட வயிற்றெரிச்சல், குரு எதிரணி.

ஆட்டம் பேஸ்பால். அதென்ன என்று கேட்பவர்கள் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பந்து எறிவாள், ஒருத்தி உருட்டு மட்டையால் அடிப்பாள். வீசி அடித்துத் தவறினால் ஒரு தப்பு. நேராக, அடிக்கிற மாதிரி வந்த பந்தைச் சும்மா விட்டாலும் தப்பு. எட்டாத பந்தை விட்டால் தப்பில்லை. மூன்று தப்பு சேர்ந்தால் வெளியே. இது தெரிந்தால் போதும்.

வடிவு திருநெல்வேலியில் ஒரு மில் அணிக்காக மட்டை பிடிப்பவள். டெய்சி தூத்துக்குடியில் ஒரு கிளப்புக்காகப் பந்து எறிபவள். மொத்தம் ஆறு அணி, எல்லாம் பெண்கள்.

போன வருஷம் வடிவு தொட்டதெல்லாம் பறந்தது. மைதானச் சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஒரு பந்து லாரிக்குள் விழுந்து மதுரைக்கே போய்விட்டது. இறுதி ஆட்டத்தில் டெய்சியின் பந்தையே மூன்று முறை வெளியே அனுப்பினாள். ஓடும்போது சும்மா ஓடினாளா? “போய் முட்டை அடிட்டி, பந்து போட வந்துட்டா” என்று கத்திக்கொண்டே ஓடினாள். சனமெல்லாம் சிரித்தது.

இந்த வருஷம் எட்டு ஆட்டம். ஒரு அடி இல்லை.

அதே கை, அதே கண். பந்து மட்டும் மட்டையில் படமாட்டேன் என்கிறது.

வடிவு என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். மூன்று மட்டை மாற்றினாள். சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டு நாலு மாதமாகக் கறியோ மீனோ தொடவில்லை. எலுமிச்சம்பழம் மந்திரித்து மடியில் வைத்துக்கொண்டு விளையாடினாள். கோச் பொன்னுத்துரை முழங்கையைத் தூக்கு என்றார், தூக்கினாள். இறக்கு என்றார், இறக்கினாள். காலை அகட்டு என்றார், அகட்டினாள். கடைசியில் அவரும் கையை விரித்தார்.

“ஃபார்ம்னா அப்படித்தாம்மா. மழை மாதிரி. வரும், போகும்.”

“மழை வரலேன்னா மழைக்கா சார் சீட்டுக் கிழிக்காவ? எனக்குல்லா கிழிப்பாவ!” என்று அன்றைக்கு அவர் மேலேயே பாய்ந்தாள்.

பாய்ந்ததில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். பந்து எறிய டெய்சியை எப்போதோ எடுத்தாயிற்று. மட்டைக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அது கிடைத்தால் மில்லில் வடிவுக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு சரி. ஒன்பது வருஷம் ஒப்பந்தத்திலேயே ஓட்டிவிட்டாள். மேனேஜர் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எதிராகப் பந்து எறியப் போவது இந்த டெய்சி. இந்த வருஷம் முதன்முதலில் அவளை வெளியேற்றியதும் இதே டெய்சி. அன்றைக்கு ஆரம்பித்த பீடைதான்.

அதனால்தான் வடிவு பஸ் ஏறி இங்கே வந்தாள். மனதில் ஒரு சந்தேகமும் இருந்தது. அதைக் கேட்டே விட்டாள்.

“ஏட்டி, உண்மையச் சொல்லு. எனக்கு எதாவது வச்சியா?”

“என்ன வச்சேன்?”

“செய்வினை கிய்வினை.”

டெய்சியின் கையிலிருந்த முட்டை ‘ப்ளக்’கென்று வாளிக்குள் விழுந்தது. அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மாதாவே! உங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?”

“பின்ன எப்படி? ஒங்கிட்ட அவுட் ஆன நாள்ல இருந்து ஒண்ணும் படலியே!”

“அதுக்குச் செய்வினையா? எனக்கு வேற சோலி இல்ல பாருங்க.”

“அப்ப என்னன்னு சொல்லு!”

டெய்சி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகமும் இப்போது கடுகடுவென்றுதான் இருந்தது.

“சொல்லுதேன். அதுக்கு முன்னால நான் ரெண்டு கேள்வி கேப்பேன்.”

“கேளு.”

“நான் எத்தன விதமாப் பந்து போடுவேன்?”

வடிவு யோசித்தாள். “மூணு.”

“அஞ்சு. சரி, அது போகட்டும். ஒங்களுக்குப் பந்து போடுததுக்கு முந்தி ஒண்ணு செய்வேன். ஒவ்வொரு தடவையும் செய்வேன். அது என்ன?”

வடிவு முழித்தாள். பந்தைத் துடைப்பாளா? தொப்பியை இழுத்துவிடுவாளா? என்ன யோசித்தாலும் அவளுக்குத் தன் முழங்கைதான் ஞாபகம் வந்தது. தன் கால். மடியில் கனத்த எலுமிச்சம்பழம்.

“தெரியல.”

“சிரிப்பேன்,” என்றாள் டெய்சி.

“என்னது?”

“ஒங்களப் பாத்துச் சிரிப்பேன். எட்டு வருஷமா எதுக்க நின்னு ஆடுதோம். ஒரு நாளாவது நீங்க என்னையப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

வடிவுக்கு உச்சந்தலை சூடானது.

“நீ சிரிக்கத பாக்கவா நான் மட்டையத் தூக்கிட்டு வாறேன்? போடி போக்கத்தவளே! ஒங்கிட்ட வந்து கேட்டேன் பாரு, என்னைய செருப்பால அடிக்கணும்!”

திரும்பினாள். கதவை அறைந்து சாத்தினாள். விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள். திருநெல்வேலி பஸ் நின்றது. ஜன்னல் ஓரத்து இடமே காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தாள்.

கண்டக்டர் “டிக்கெட்” என்று வந்தார்.

“எறங்கணும்,” என்றாள் வடிவு.

“இன்னும் பஸ்ஸே எடுக்கலியேம்மா.”

“எறங்கணும்னு சொன்னா எறங்கணும்!”

பேக்கரிப் பின்வாசல் மறுபடி திறந்து கிடந்தது. டெய்சி முற்றத்தில் நின்றாள். அவள் காலடியில் அந்த மிதந்த முட்டைக் கூடை. கையில் பெரிய சட்டியில் மாவு கிண்டுகிற நீளத் துடுப்பு.

“வருவியன்னு தெரியும்,” என்றாள்.

“ஆமா, பெரிய ஜோசியக்காரி.”

“இந்தாங்க, பிடிங்க.” துடுப்பை நீட்டினாள். “அந்தத் தென்னமரத்துப் பக்கம் போய் நில்லுங்க. நான் முட்டை எறிவேன். ஒவ்வொரு முட்டையும் முதல் பந்துன்னு நெனச்சுக்கோங்க. நீங்க இப்பதான் மட்டையோட உள்ள வாறிய. சரியா?”

“முட்டையவா?”

“எல்லாம் கெட்டது. இப்பவே சொல்லிட்டேன், பெறகு என்னையச் சொல்லக் கூடாது. அத்தனையும் நாத்தம் எடுத்த முட்டை.”

வடிவு துடுப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றாள். பழக்கம்.

முதல் முட்டை மரத்துக்கு அந்தப் பக்கமாக, எட்டாத தூரத்தில் வந்தது. வடிவு பாய்ந்து வீசினாள். ‘டப்’. மஞ்சளும் பச்சையுமாக என்னவோ ஒன்று அவள் தாடையில் தெறித்தது. தலையைத் திருப்பிக்கொண்டு துப்பினாள்.

“அடுத்தது,” என்றாள் டெய்சி. “இதுவும் முதல் பந்துதான்.”

தலைக்கு மேலே வந்தது. வடிவு எம்பி அடித்தாள். சட்டை நனைந்தது.

மூன்றாவது காலடியில். குனிந்து அடித்தாள். நாலாவது முதுகுப் பக்கம். சுழன்று அடித்தாள். இப்போது தலைமுடியிலிருந்தும் சொட்டியது.

ஐந்தாவதை டெய்சி சாக்கடைப் பக்கம் எறிந்தாள். இரண்டு ஆள் தூரம் இருக்கும். வடிவு ஒற்றைக் கையால் துடுப்பை நீட்டித் தாவினாள். முட்டையும் உடைந்தது, அவளும் விழுந்தாள்.

பேக்கரிக்குள்ளிருந்து யாரோ, “யம்மாடி, என்னட்டி நாத்தம்?” என்று கத்தினார்கள்.

டெய்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“கெட்ட முட்டைன்னு சொல்லித்தானே எறிஞ்சேன்?”

“ஆமா.”

“எட்டாத எடத்துலதானே எறிஞ்சேன்?”

“ஆமாங்கேன்.”

“பின்ன ஏன் அடிச்சிய?”

வடிவு வாயைத் திறந்தாள். முட்டை நாற்றம் உள்ளே போனது. மூடிக்கொண்டு, முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

“முதல் பந்துலா.”

“அதுக்கு?”

“முதல் பந்த விடக் கூடாது. அது போணி.”

 ஒரு வருஷமாக டெய்சிக்கும் புரியாத ஒன்று அது. இவள் முதல் பந்தை விடமாட்டாள் என்று தெரியும். ஏன் என்று தெரியாது.

“போணியா?”

“எங்க அம்மா பாளையங்கோட்டை மார்க்கெட்டுல காய்கறி விக்கா. காலம்பற முதல்ல வாற ஆளு என்ன வெலைக்குக் கேட்டாலும் குடுத்துருவா. வெறுங்கையோட அனுப்பிட்டா அன்னைக்குப் பூரா யாவாரம் படுத்துரும். நான் பள்ளிக்கூடத்துல மட்டை பிடிச்ச நாள்லருந்து அப்படித்தான். முதல் பந்தத் தொட்டுட்டா பொழுது ஓடிரும்.”

“முதல்ல வந்தவன் தராசக் கேட்டா, தராசையுமா தூக்கிக் குடுப்பாவ ஒங்க அம்மா?”

  வடிவுக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

“போன வருஷம் இந்தப் போணிதானடி என்னையத் தூக்கி விட்டுச்சு! அன்னைக்கு மட்டும் எப்படி?”

“போன வருஷம் எதுக்க பந்து போடுத நாங்க அஞ்சு பேரும் ஒங்களுக்கு முதல் பந்த நடுவுல போட்டோம். எல்லாரும் முதல் பந்தப் பாத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாவ. நீங்களும் அப்படித்தான்னு நெனச்சோம். நீங்க போட்டுப் பொளந்திய. இந்த வருஷம் நான் நடுவுல போடல. தள்ளிப் போட்டேன். அதுக்கும் வீசுனிய. ஒண்ணு போச்சா, ஒங்களுக்குக் கோவம் வந்துரும். மிச்ச ரெண்டையும் கோவத்துல நீங்களே தொலச்சிருவிய. என் வேலை முதல் பந்தோட முடிஞ்சிரும்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“அப்ப என் கைக்கு ஒண்ணும் ஆகல?”

“கைக்கு என்ன? போன வருஷம் என்ன செஞ்சியளோ அதேதான் இந்த வருஷமும் செய்திய. இம்மியும் மாறல.”

வடிவு துடுப்பைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

“நாலு மாசமா கருவாட்டு வாசம்கூட இல்லாமத் திங்கேன்! மூணு மட்டை மாத்தியிருக்கேன்! அந்தாளு என் முழங்கையப் பிடிச்சுத் திருகித் திருகி ராத்திரி கையத் தூக்க முடியல! எல்லாம் சும்மாவா?”

“நான் என்ன செய்ய? நானா கறி திங்காதன்னு சொன்னேன்?”

“மத்தவளுகளும் எட்டாமப் போடுதாளுகளே. அவளுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“பந்து போடுத நாங்க அஞ்சு பேரும் ஒரு வாட்சப் குரூப்பு,” என்றாள் டெய்சி. “நான்தான் சொன்னேன்.”

அடி பாவி! வடிவு அவள் சட்டையைப் பிடித்தேவிட்டாள். முட்டைக் கை. டெய்சியின் வெள்ளை மேலங்கியில் ஐந்து விரலும் பதிந்தது.

“என் பொழப்புடி இது!”

“என்னோடதும் பொழப்புத்தான்!” டெய்சி கையைத் தட்டிவிட்டாள். “நீங்க மூணு பந்தத் தூக்கி அடிச்சிட்டு, போய் முட்டை அடிட்டின்னு கத்திட்டு ஓடுனிய. சனம் பூராவும் சிரிச்சுது. எங்க அப்பாவும் அங்கதான் நின்னாவ. அன்னையில இருந்து ஒங்களப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒங்க ஆட்டம் எங்க நடந்தாலும் லீவு போட்டுட்டு வந்து பாத்தேன். கால எப்படி வைக்கிய, தோள எப்ப திருப்புதிய, எந்தப் பந்துக்குக் கோவப்படுதிய, எல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்க என்னைய ஒரு கல்லுத்தூண் அளவுக்காவது பாத்தியளா?”

இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாற்றம் தாங்கவில்லை.

“இதெல்லாம் இப்ப எனக்கு ஏன் சொல்லுத?” என்றாள் வடிவு. “ஞாயித்துக்கெழம நீதானே போடப்போற?”

“நான்தான்.”

“அப்ப ஏன் சொன்ன?”

டெய்சி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சொன்னா மட்டும் அடிச்சிருவியளாக்கும்?”

உள்ளே போய்விட்டாள். வடிவு குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். எவ்வளவு கழுவியும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது. பந்தலுக்குக் கீழே தேர்வாளர்கள் மூன்று பேர், ஆளுக்கு ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு இளநீர்.

வடிவுக்கு மூன்று முறை மட்டை பிடிக்க வாய்ப்பு வரும். எலுமிச்சம்பழம் இல்லை. முழங்கையைப் பற்றிக் கோச் என்னவோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. அவளுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது. முதல் பந்தை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதானே?

பள்ளிக்கூட நாளிலிருந்து விடாத ஒன்றை விடுவது லேசுப்பட்ட காரியமா? கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். டெய்சி எறிந்தாள். வடிவு மட்டையை அசைக்கவில்லை.

பந்து நட்ட நடுவில் வந்தது. போன வருஷம் வந்ததே, அதே மாதிரி. குழந்தை அடித்தாலும் சுவரைத் தாண்டும். ‘பட்’டென்று பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கையுறையில் போய் விழுந்தது.

“தப்பு ஒண்ணு,” என்றார் நடுவர்.

வடிவுக்குக் கண் இருட்டியது. அடுத்த இரண்டையும் எங்கே வருகிறது என்றுகூடப் பார்க்காமல் வீசினாள். வெளியே.

ஆட்டம் மாறும்போது தண்ணீர்க் குடத்தருகே டெய்சியைப் பிடித்தாள்.

“ஏமாத்துக்காரி! நீதானடி முதல் பந்த விடச் சொன்ன!”

“நான் எங்க விடச் சொன்னேன்?” டெய்சி தம்ளரைக் கீழே வைத்தாள். “நீங்க விடமாட்டியன்னுதான் சொன்னேன். விடப்போறதா முடிவு பண்ணுனது நீங்க.”

“அப்ப நடுவுல போட்டியே?”

“நீங்கதான் விட்டுருவியளே.”

வடிவு தம்ளரைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். நல்லவேளை, பிளாஸ்டிக். கோச் ஓடிவந்து அவளை இழுத்துக்கொண்டு போனார். பந்தலில் ஒருவர் நோட்டில் என்னவோ எழுதினார். நல்லதாக இருக்க வழியில்லை.

இரண்டாம் முறை. வடிவு மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவள் இப்போது நான் விடுவேன் என்று நினைக்கிறாள். அப்படியானால் நடுவில்தான் போடுவாள். சரிடி, வா. இந்தத் தடவை கிழித்துவிடுகிறேன்.

பந்து தென்னைமரத்து முட்டை மாதிரி தள்ளிப் போனது. வடிவு அதற்கும் சேர்த்து வீசினாள். தப்பு ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே.

இந்த முறை தண்ணீர்க் குடத்துப் பக்கம் போகவில்லை. வேலியோரம் தனியாகப் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகவும் கோபம் வந்தது. ஒன்பது வருஷம் இந்த மில்லுக்காக முட்டி தேய ஓடியாயிற்று. இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம். விட்டாலும் தெரிந்துகொள்கிறாள், அடித்தாலும் தெரிந்துகொள்கிறாள். என்னதான் செய்வது?

உட்கார்ந்த இடத்திலிருந்து டெய்சி தெரிந்தாள். வேறு யாருக்கோ எறிந்துகொண்டிருந்தாள். பார்க்கவேண்டும் என்று வடிவு பார்க்கவில்லை. கண்ணுக்கு நேரே அவள்தான் இருந்தாள். கட்டைவிரலில் பிளாஸ்திரி. எறிவதற்கு முன் மட்டைக்காரியின் காலைப் பார்த்தாள். அப்புறம் கையை. அப்புறம் தோளை. சில சமயம் ஒரு முடிவோடு கையைத் தூக்கிவிட்டு, மறுபடி இறக்கினாள். நெற்றியைத் துடைத்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

‘இவளுக்கும் இவ்வளவு பாடு இருக்கா?’ என்று நினைத்தாள் வடிவு. அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து டெய்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோச் வந்து கூப்பிட்டார். “வடிவு, நீதான். முழங்கைய மட்டும்...”

“சார், செத்த சும்மா இருங்க.”

வடிவுக்கு இடம் கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைத்தது. அந்த மூன்றாவது முறைக்காகத்தான் கிடைத்தது. மில்லில் வேலையும் நிரந்தரமாயிற்று. அடுத்த மாதமே மறுபடி ஆறு ஆட்டம் ஒன்றும் படவில்லை, அதன் பிறகு மறுபடி பறந்தது, அதெல்லாம் வேறு கதை. ஆனால் அந்த மூன்றாவது முறை பந்து எறியப்படுவதற்கு முன்னால் நடந்தது பந்தலில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவர்கள் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடிவு வந்து நின்றாள். கோபம் இருந்தது, இல்லாமல் எங்கே போகும்? மட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மறந்துவிட்டாள். நேரே டெய்சியின் முகத்தைப் பார்த்தாள்.

டெய்சி அவள் காலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தவள், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்ணைக் கண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

பந்தைத் துணியில் துடைத்தாள். கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி துடைத்தாள்.

“சீக்கிரம் போடும்மா,” என்றார் நடுவர்.

“என்னட்டி, யோசனை பலமா இருக்கு?” என்றாள் வடிவு.

“நீங்க விடப்போறியளா, அடிக்கப்போறியளா? ஒண்ணும் தெரியலியேக்கா.”

“எனக்கும் தெரியாது,” என்றாள் வடிவு. “போடு, பாப்போம்.”